நான்கெல்லைக்கு உட்பட்டது

கொக்கிரகுளம் ஆவண அறையில்
மின்விசிறி போட அனுமதி இல்லை.
தாள் பறக்கும் என்கிறார் மைதீன் பிச்சை.
தாள் பறந்தால் வயல் பறந்த மாதிரி.

நான் தேடுவது ஒரு சின்னக் கேள்விக்கு விடை.
'இது என்னுடையது' என்று
இந்த ஆற்றுப் பாசனத்தில்
முதலில் சொன்னது யார், எந்தத் தாளில்?

அதற்கு முன் ஊருக்கு நிலம் இருந்தது
ஆளுக்குப் பங்கு இருந்தது.
சில வருசத்துக்கு ஒருமுறை
ஓலை நறுக்கில் பேரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி
கரை பிரித்துக்கொண்டார்கள்.
போன முறை மடைவாய் கிடைத்தவனுக்கு
இந்த முறை கடைமடை.
ஏக்கர் கிடையாது அப்போது.
எவ்வளவு விதை தின்னுமோ அவ்வளவு நிலம்:
ஒரு கோட்டை விதைப்பாடு,
மூன்று மரக்கால் விதைப்பாடு.
ஆய்வேட்டில் இதைப் பொதுவுடைமை என்று எழுதி
மறுநாள் நானே அடித்தேன்.
யார் பேர் உள்ளே விழுந்தது,
யார் பேரை நறுக்கவே இல்லை
என்று குடம் சொல்லாது.

பிறகு சங்கிலி பிடித்து வந்தார்கள்.
கல் நட்டார்கள். கல்லுக்கு எண்,
எண்ணுக்கு ஒரே ஒரு பேர், பேருக்குத் தீர்வை.
கோயிலுக்கு எண்ணெய், அரசுக்கு மேல்வாரம்,
மிராசுக்கு மிச்சம், உழுதவனுக்குக் களத்துக் கூட்டல்
என்று ஐந்தாறு கை படிந்த வயல்
ஒரு கட்டத்துக்குள் ஒடுங்கியது.
ஆறு மட்டும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.
பெருவெள்ளத்துக்குப் பெருவெள்ளம்
கொஞ்சம் தெற்கே தள்ளிப் படுத்தது.
புல எண் 214 இன்று முழங்கால் மணல்.
பதிவேட்டில் நஞ்சை, இருபோகம்.

நேற்று ஓர் ஓலையின் பெயர்ப்பு கிடைத்தது.
கொல்லம் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, ஐப்பசி.
பூவணிப்பற்றில் இரண்டு கோட்டை விதைப்பாடு,
விலை கலியுகராமன் பணத்தில்.
கிழக்கே வாய்க்கால், வடக்கே இடுகாட்டு வழி.
'இவ்விசைத்த நான்கெல்லைக்கு உட்பட்ட
மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்'
எத்தனை ஆவணத்தில் படித்த வரி!
வாய் தானாக அடுத்த சொல்லுக்குப் போகும்.
போனது.
அங்கே வேறு சொல் இருந்தது.
'ஆள் மூன்றும்.
இருளாயி. அவள் மகன் சுடலை.
கைப்பிள்ளை ஒன்று.'
அப்புறம் வழக்கம்போல
சந்திர சூரியர் உள்ளவரை.

மரம் மேலே பார்த்தது. கிணறு கீழே பார்த்தது.
இருளாயி எந்தப் பக்கம் பார்த்தாள் என்று
எழுதினவன் எழுதவில்லை.

மதியம் தம்பி பேசினான்.
"வெள்ளிக்கிழமை சேரன்மாதேவி பதிவு ஆபீஸ்.
பத்தரைக்குள்ள வந்திரு.
ஒரு கையெழுத்துதான, பாத்துக்க."

அந்தத் தாளுக்குப் பேர் விடுதலைப் பத்திரம்.
வீட்டிலிருந்தும் பின்னால் நிற்கும் நாரத்தையிலிருந்தும்
நான் விடுதலை ஆகிறேன்.
அக்கா செண்பகவடிவு எப்போதோ ஆகிவிட்டாள்.
அவள் கல்யாணம் எண்பத்தொன்பது தையில்;
பெண்ணுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது
அந்தப் பங்குனியில், அதுவும் ஆகாதவளுக்கு மட்டும்.
பங்கே இல்லாதவளிடமும்
எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று வாங்கி வைத்தார்கள்.
பட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.
நல்ல பட்டு. இன்னும் கட்டுகிறாள்.

எட்டு வருசமாய் இதையே படிக்கிறவள் நான்,
"வாரேன்" என்றுதான் சொன்னேன்.

திரும்பி வந்து ஓலைக்கு நகல் மனு எழுதினேன்.
'சொத்துக்கும் மனுதாரருக்கும் உள்ள தொடர்பு'
என்ற இடத்தில் ஆய்வு என்று போட்டேன்.
மைதீன் பிச்சை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"ஆய்வுன்னு ஒரு தொடர்பு கெடையாதும்மா.
வாங்கினவங்க வகையறாவா,
வித்தவங்க வகையறாவா?"

ரெண்டும் இல்லை என்றேன்.

"அப்ப காலியா விடுங்க."

காலியாக விட்டேன்.
வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.